தமிழில் பெயர்ப்பலகை உள்ள வெளிநாட்டு நகரம்: குழந்தையுடன் சிங்கப்பூர் சுற்றுலா

தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வளரும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 4 மொழி தேவைப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். தெருவில் விளையாட இந்தி. பஸ்சின் பெயர்ப்பலகையைப் படிக்க மராத்தி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் தமிழ்.

இதனால், தமிழ் என்பது அம்மாவிடம் சோறு கேட்பதற்கான மொழி, வாசலுக்கு வெளியே அதற்கு வேலை இல்லை என்ற எண்ணம் பல குழந்தைகளின் மனதில் பதிந்து விடுகிறது. கோடை விடுமுறைக்கு நெல்லைக்கோ வேலூருக்கோ போய் வந்தாலும் அந்த எண்ணம் முழுவதும் மாறுவது இல்லை. "அது தாத்தா ஊர். அங்கே அப்படித்தான்" என்று குழந்தை முடிவு கட்டி விடுகிறது.

அதே குழந்தை விமானம் ஏறி, கடல் கடந்து, வானுயர்ந்த கட்டிடங்கள் நிறைந்த ஒரு பணக்கார நகரத்தில் இறங்குகிறது. அங்கே அரசாங்க அறிவிப்பில் தமிழ் எழுத்து இருக்கிறது. அப்போது அதன் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும்!

பல ஆண்டு போனஸ் பணத்தைச் சேர்த்து வைத்து, வாழ்க்கையில் ஒரு முறையாவது குழந்தைக்கு ஒரு வெளிநாட்டைக் காட்ட வேண்டும் என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பங்கள் மும்பையில் ஏராளம். அவர்களுக்கு சிங்கப்பூர் ஏற்ற ஊராக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். பார்க்க வேண்டிய பல இடங்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது 2-வது காரணம்.

4 ஆட்சி மொழிகள்

சிங்கப்பூர் 1965-ம் ஆண்டு மலேசியாவில் இருந்து பிரிந்து தனி நாடு ஆனது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய 4-ம் அங்கு ஆட்சி மொழிகள். அந்த நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். தமிழர்கள் சிறுபான்மையினர். ஆனாலும் பாராளுமன்றத்தில் தமிழில் பேசலாம். பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். அரசாங்க ஆதரவோடு தமிழ் வானொலியும் தொலைக்காட்சியும் நடக்கின்றன. கோ.சாரங்கபாணி 1935-ம் ஆண்டு தொடங்கிய "தமிழ் முரசு" பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

இலங்கையைத் தவிர்த்தால், தமிழை ஆட்சி மொழியாக வைத்திருக்கும் வெளிநாடு சிங்கப்பூர் ஒன்றுதான்.

அந்த நாட்டுப் பணத்தின் பெயர் டாலர். ஆனால் அங்குள்ள தமிழர்கள் அதை "வெள்ளி" என்கிறார்கள். ஊதா நிறத்தில் இருக்கும் 2 வெள்ளி நோட்டில் நாட்டின் பெயர் 4 மொழிகளிலும் அச்சிடப்பட்டு இருக்கிறது. "சிங்கப்பூர்" என்பதில் 6 எழுத்துக்கள்தான். தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, புறப்படும் முன்பு அந்த 6 எழுத்துக்களை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். நோட்டைக் கையில் கொடுத்ததும் தானே எழுத்துக்கூட்டிப் படித்து விடும்.

நம் ரூபாய் நோட்டிலும் 15 மொழிகளின் வரிசையில் தமிழ் உண்டு. அதையும் எடுத்துக் காட்டலாம். பல குழந்தைகள் அதைக் கவனித்திருக்காது.

கப்பலும் விமானமும்

ஒரு காலத்தில் சிங்கப்பூர் பயணம் என்றால் கப்பல்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாக "ரஜுலா" கப்பல் போகும். தகரப் பெட்டியும் ஜமுக்காளமுமாக மேல்தட்டில் படுத்துக்கொண்டு பல நாட்கள் பயணம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1973-ம் ஆண்டு "ரஜுலா" ஓய்வு பெற்றது. அதன் பிறகு ஓடிய "சிதம்பரம்" கப்பல் 1985-ம் ஆண்டு தீ விபத்துக்கு உள்ளானது. அத்தோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது.

இன்று மும்பையில் இருந்து விமானத்தில் சுமார் 5½ மணி நேரத்தில் சிங்கப்பூர் போய் விடலாம். சென்னையில் இருந்து 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அங்குள்ள கடிகாரம் நமக்கு 2½ மணி நேரம் முந்தியது. ஆகவே முதல் நாள் காலையில் குழந்தை எளிதில் எழுந்திருக்காது. அன்று பெரிய திட்டம் எதுவும் போடாமல் இருப்பது நல்லது.

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். இந்தியர்களுக்கு விசாவும் தேவை. அதை அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் மூலம் வாங்க வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

செலவில் பெரியது விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும்தான். 2 வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஏறத்தாழ பெரியவர்களுக்கு உரிய கட்டணமே ஆகிறது. அந்த இரண்டையும் கொடுத்து விட்டால், பிறகு ஊரைச் சுற்ற ஆகும் செலவைக் கையில் பிடிக்கலாம்.

டிரைவர் இல்லாத ரெயில்

சிங்கப்பூரில் சுற்றுவதற்கு டாக்சி தேவை இல்லை. ரெயிலும் பஸ்சும் எல்லா இடங்களுக்கும் போகின்றன. அங்கு மெட்ரோ ரெயில் 1987-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி வெறும் 5 நிலையங்களுடன் தொடங்கியது. இன்று தீவு முழுவதும் வலைபோல் பரவி இருக்கிறது. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தை, டிக்கெட் வாங்கிய பெரியவருடன் வந்தால் கட்டணம் இல்லை.

மும்பையில் லோக்கல் ரெயிலில் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிய தாய்மார்களுக்கு அந்த ரெயில் பெரிய நிம்மதி. பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ரெயில் வந்து நின்ற பிறகே கதவு திறக்கும். சில நிலையங்களில், ரெயிலுக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு தமிழிலும் ஒலிக்கிறது. நகரின் நடுப்பகுதியில் பல நிலையங்களின் பெயர் தமிழிலும் எழுதப்பட்டு இருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங் என்ற பகுதியில் 1999-ம் ஆண்டு முதல் ஒரு சிறிய ரெயில் மேம்பாலத்தில் ஓடுகிறது. அதில் டிரைவர் கிடையாது. முன்பக்கக் கண்ணாடி அருகே குழந்தையை நிறுத்தி விட்டால், ரெயிலை ஓட்டுவதே தான்தான் என்று நினைத்துக்கொள்ளும். அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாக மங்கி விடுகிறது. வீட்டில் இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கான ஏற்பாடு அது. வீடு தாண்டியதும் கண்ணாடி பழையபடி தெளிந்து விடுகிறது. அதைப் பார்க்கவே குழந்தைகள் திரும்பவும் ஒரு சுற்று போகச் சொல்லும். சில காசுகளில் முடிகிற வேடிக்கை இது.

குழந்தைதான் நுழைவுச் சீட்டு

சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2015-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. மற்ற பகுதிகளுக்கு இலவசம்.

அதற்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2007-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே ஒரு விசித்திரமான விதி. பெரியவர்கள் தனியாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அனுமதி! எல்லா இடத்திலும் "அப்பாவோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள்" என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு, அப்பாவைத் தான் அழைத்துப் போகும் பெருமை கிடைக்கிறது. மண்ணில் விளையாடலாம். தண்ணீரில் நனையலாம். மாற்று உடை ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பூங்காவுக்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1877-ம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ம் ஆண்டு பூங்காவின் தலைவராக வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். அதன் பிறகு மலாயாக் காடுகள் ரப்பர் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டுவதற்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கூட்டம் கூட்டமாக ஏழை மக்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவோ, அவர் தம்பியோ "மலேயா போனவர்" என்று சொல்வார்கள். அந்தக் கதையைக் குழந்தைக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கூண்டு இல்லாத மிருகங்கள்

பணம் கொடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டால், அது மண்டாய் பகுதியில் உள்ள மிருகக்காட்சி சாலையாக இருக்கட்டும். 1973-ம் ஆண்டு திறக்கப்பட்ட இங்கு, பெரும்பாலான மிருகங்களுக்குக் கம்பிக் கூண்டு கிடையாது. அகழியும் தண்ணீரும் செடிகொடிகளுமே வேலி. ஒராங் ஊத்தான் குரங்குகள் தலைக்கு மேலே மரத்துக்கு மரம் தாவிப் போகின்றன. பைகுலா ராணி பாக்கில் கம்பிக்குப் பின்னால் மிருகத்தைப் பார்த்த குழந்தை, இங்கே முதலில் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும். பிறகு அங்கிருந்து நகராது.

3 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. கதீப் ரெயில் நிலையத்தில் இறங்கி பஸ்சில் போகலாம். அதே பகுதியில் 1994-ம் ஆண்டு தொடங்கிய இரவு மிருகக்காட்சி சாலையும், 2023-ம் ஆண்டு திறக்கப்பட்ட பறவைகள் பூங்காவும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் பணமும் போகும், குழந்தையும் அழும். ஒன்று போதும்.

முட்டையும் சர்க்கரையும்

சிங்கப்பூருக்கு 1819-ம் ஆண்டு ராபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்தார். அவருடன் பினாங்கில் இருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். அந்த ஊரில் முதல் செங்கல் சூளையைப் போட்டவர் அவர்தான். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மாரியம்மன் கோவில் 1827-ம் ஆண்டு அவரால் நிறுவப்பட்டது. சிங்கப்பூரிலேயே பழமையான இந்துக் கோவில் அது. சீனர்களின் கடைத்தெரு நடுவே கோபுரம் நிற்கிறது. தீபாவளிக்கு முன்பு அங்கே தீமிதி நடக்கிறது.

கோவிலில் இருந்து சற்றுத் தொலைவில், வெள்ளை வெளேர் என்று செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது. 1862-ம் ஆண்டு அர்ப்பணம் செய்யப்பட்ட இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825-ம் ஆண்டு முதல் சுமார் 50 ஆண்டுகள் இந்தியாவில் இருந்து கைதிகளைக் கொண்டு வந்து, அந்த ஊரின் சாலைகளையும் கட்டிடங்களையும் ஆங்கிலேயர்கள் கட்டினார்கள். தேவாலயத்தின் சுவர்ப் பூச்சுக்கு "மெட்ராஸ் சுண்ணாம்பு" என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்த பூச்சு. "சுவத்துல முட்டையா?" என்று குழந்தை சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தச் சுவரைக் கட்டியது யார் என்பதும் கூடவே மனதில் நிற்கும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்பிளனேடு பூங்கா. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்தவர்களுக்காக 1945-ம் ஆண்டு அங்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் 1995-ம் ஆண்டு சிங்கப்பூர் அரசு அடையாளக் கல் வைத்தது. அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடு

பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது. அன்று மாலை சிராங்கூன் ரோடு பக்கம் போனால் மாட்டுங்கா மார்க்கெட்டும் தாராவி மெயின் ரோடும் சேர்ந்ததுபோல் இருக்கும். மல்லிகைப் பூ, வாழை இலை, முருங்கைக்காய், வெற்றிலை எல்லாம் கிடைக்கும். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்க வரும் சீனப் பெண்களிடம் கடைக்காரர் சீன மொழியில் விலை சொல்வதையும் கேட்கலாம்.

அன்றுதான் கட்டிட வேலையிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஓய்வு. பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, ராமநாதபுரம் என்று ஊர் ஊராகப் புல்தரையில் உட்கார்ந்து இருப்பார்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் அவர்கள் மனைவி மக்களை அழைத்து வந்து குடும்பம் நடத்த சட்டத்தில் இடம் இல்லை. தங்கள் குழந்தையின் முகத்தைச் செல்போனில்தான் பார்க்கிறார்கள்.

குழந்தையின் கையைப் பிடித்து நடக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்தால் அவர்கள் கண் அங்கே நிற்கும். "தம்பி பேரு என்ன?" என்று ஒருவர் கேட்கக்கூடும். குழந்தை தமிழில் பதில் சொன்னால் அவர் முகம் மலரும். பெற்றோர் அவசரப்படாமல் 2 நிமிடம் நின்று பேசி விட்டுப் போகலாம். ஊரை விட்டு ஊர் வந்து பிழைப்பது என்றால் என்ன என்பது மும்பைத் தமிழருக்குத் தெரியாதது அல்ல. இன்றைய சிங்கப்பூரின் உயரமான கட்டிடங்களில் இவர்களுடைய வியர்வையும் இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்ல வேண்டும்.

சாப்பாடும் சட்டமும்

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஓட்டலைத் தேடி அலையாமல் "ஹாக்கர் சென்டர்" எனப்படும் உணவுக் கூடங்களுக்குப் போனால் மலிவு. பல கடைகள், பொதுவான மேஜை நாற்காலிகள். பரோட்டாவை அங்கே "பிராட்டா" என்கிறார்கள். இழுத்து ஆற்றிய டீக்கு "தே தாரிக்" என்று பெயர். சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஆகவே காலி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

ரெயிலுக்குள் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 வெள்ளி வரை அபராதம். குழந்தை பசி தாங்காது என்றால் ஏறும் முன்பே கொடுத்து விட வேண்டும். டுரியான் பழத்தை ரெயிலில் கொண்டு போக முடியாது. சூயிங்கம் 1992-ம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டு இருக்கிறது. குட்கா, ஜர்தா போன்ற புகையிலைப் பொருட்களுக்கும் தடை உண்டு. பழக்கம் உள்ள அப்பாக்கள் பெட்டியை ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

வெயிலும் புழுக்கமும் மும்பை போலத்தான். மழை சொல்லாமல் வரும். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

விளக்கு மரங்கள்

ஆண்டு முழுவதும் மாலை 7 மணி அளவில் இருட்டி விடுகிறது. 2012-ம் ஆண்டு திறக்கப்பட்ட கடலோரப் பூங்காவில் 25 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள 18 இரும்பு மரங்கள் நிற்கின்றன. உண்மையான கொடிகள் அவற்றின் மேல் படர்ந்துள்ளன. தினமும் இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் இசையோடு அந்த மரங்களில் விளக்குகள் மின்னுகின்றன. அதற்குக் கட்டணம் இல்லை. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் போவதற்குத்தான் டிக்கெட். தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதுதான் சரியான முறை. நாள் முழுவதும் நடந்த குழந்தைக்கும் அதுவே பிடிக்கும்.

சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயில் இருந்து தண்ணீர் கொட்டும் மெர்லயன் சிலையும் அருகில்தான் இருக்கிறது. 1972-ம் ஆண்டு நிறுவப்பட்ட அதன் உயரம் 8.6 மீட்டர். அதற்கும் கட்டணம் இல்லை.

எத்தனை இடம், எத்தனை நாள்?

குழந்தையோடு போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்து விட வேண்டும் என்று ஓடுவது. 8 வயதுக் குழந்தை ஒரு நாளில் 2 இடம்தான் தாங்கும். காலையில் வெயில் ஏறும் முன்பு ஒன்று. மத்தியானம் அறையில் தூக்கம். மாலையில் இன்னொன்று. இந்தக் கணக்கில் 4 அல்லது 5 நாட்கள் போதும். விட்டுப்போன இடங்களைப் பற்றிக் குழந்தை கவலைப்படப் போவது இல்லை. அழுத நாளைத்தான் அது மறக்காது.

திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே போய் விடலாம். அங்கே 2019-ம் ஆண்டு திறக்கப்பட்ட "ஜூவல்" கட்டிடத்துக்குள் 40 மீட்டர் உயரத்தில் இருந்து அருவி கொட்டுகிறது. உலகில் கட்டிடத்துக்குள் உள்ள அருவிகளில் உயரமானது அது. பார்க்கக் காசு இல்லை. குழந்தை பொம்மைக் கடைப் பக்கம் இழுக்கும் முன்பு அருவிப் பக்கம் அழைத்துப் போய் விட வேண்டும்.

ஞாபகத்துக்கு எதை வாங்குவது என்று தடுமாறுகிறவர்கள், செலவழிக்காமல் ஒரு 2 வெள்ளி நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தை அதைத் தோழர்களிடம் காட்டும். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று மராத்திப் பிள்ளையும் குஜராத்திப் பிள்ளையும் கேட்பார்கள். அதைப் படித்துச் சொல்ல வகுப்பில் அந்தக் குழந்தையால் மட்டும்தான் முடியும்.